மேனேஜர் தவளையின் தாடை

அத்தியாயம் பதினான்கு

அவள் ஏன் இன்னும் கணவரிடம் வாய் திறந்து கேட்கவில்லை என்று போன வாரம் உங்களில் பலர் கோபித்துக்கொண்டீர்கள். நியாயமான கோபம்தான். துவைக்கப் போட்ட அவர் சட்டைப் பையில் மருந்துச் சீட்டைப் பார்த்தவள், அதை எடுத்துக்கொண்டு தன்னந்தனியாக நரம்பு டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். அங்கே அவ்வளவு கேள்வி கேட்டவளுக்கு, வீட்டுக்கு வந்து "இது என்னங்க?" என்று ஒரு வார்த்தை கேட்க நாக்கு எழவில்லை.

நீங்களே யோசித்துப் பாருங்கள். பதினான்கு மாதமாக ஒரு மனிதர் மூச்சுக் காட்டாமல் மாத்திரை விழுங்கியிருக்கிறார். அதுவும் பக்கத்திலேயே படுத்துத் தூங்கும் பெண்டாட்டிக்குத் தெரியாமல். கேட்டால் அவர் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும். அந்தப் பயம்தான் அவளுக்கு.

இந்த வாரம்தான் நம்மோடு வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு விஷயம். இந்தக் குடும்பத்துக்குச் சோறு போடுவது ஒரு தவளை. கோட்டு போட்டுக்கொண்டு, ஒரு சின்ன லாட்ஜின் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் திட்டு வாங்குகிற மேனேஜர் தவளை. மூன்று படம் வந்து மூன்றும் சக்கைப்போடு போட்டன. இப்போது நான்காவது நடந்துகொண்டிருக்கிறது.

தவளையின் தலைக்குள் இருப்பது அவளுடைய கணவரின் வலது கை. தவளையின் இரண்டு கைகளுக்குள்ளும் இருப்பவை அவள் கொழுந்தனின் கைகள். அண்ணனும் தம்பியும் மேஜைக்கு அடியில், சக்கரம் வைத்த பலகைகளில் ஒட்டிப் படுத்துக்கொண்டு, காமிராவில் தெரிவதைக் காட்டுகிற ஒரு சின்ன டி.வி.யைப் பார்த்தபடியே பதினைந்து வருஷமாக அந்தத் தவளைக்கு உயிர் கொடுத்து வருகிறார்கள். அதன் பச்சைத் தோலைத் தைப்பது அவள். ஷூட்டிங்கில் அவளை எல்லோரும் ஊசியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

மூன்றாவது படத்தில் மேனேஜருக்குப் புதிதாக ஒரு சேஷ்டை வந்து சேர்ந்தது. எதிரில் இருப்பவர் கத்திக்கொண்டிருக்கும்போது, பதில் பேசாமல் நிற்கிற தவளையின் தாடை மட்டும் கிடுகிடுவென்று நடுங்கும். தியேட்டரே அதிர்ந்தது. தெருவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தாடையை ஆட்டிக்கொண்டு போனார்கள். நான்காவது படத்தின் கதைத் தாள்களில் 'தாடை நடுங்குகிறது' என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதிவைத்துவிட்டார் டைரக்டர்.

அது சேஷ்டை இல்லை, வியாதி என்று போன வாரம்தான் அவளுக்குத் தெரிந்தது.

அன்று காலையில் அவள் அவருக்கு அரை டம்ளர் டீ கொடுத்தாள்.

"என்ன, பால் திரிஞ்சுபோச்சா? பாதிதான் ஊத்தியிருக்கே?" என்றார் அவர்.

"சூடு ஆறிடும்னு கொஞ்சமா ஊத்தினேன். குடிச்சா இன்னும் தரேன்."

"இருபத்திமூணு வருஷமா ஆறாத டீ இன்னிக்குத்தான் ஆறப்போகுதாக்கும்."

டம்ளரை இடது கையால் எடுத்துக் குடித்தார். வலது கை பேன்ட் பைக்குள் இருந்தது. எவ்வளவு நாளாக இந்த மனிதர் இடது கையால் டீ குடிக்கிறார் என்று யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை. அது தெரியாமல் போனதை நினைத்தபோது தன்மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"இன்னிக்கு என்ன சீன்?" என்று தெரியாதவள் மாதிரிக் கேட்டாள்.

"ஐம்பத்திரெண்டு. மேனேஜருக்கு லெட்டர் வருது. அவங்க அம்மா குளத்துல செத்துப்போயிட்டாங்கன்னு. ஒரு நிமிஷம் அப்படியே அசையாம உக்காந்திருக்கணும். அவ்வளவுதான்." அவர் சிரித்தார். "சும்மா இருக்கிறதுக்கு சம்பளம். இதைவிட சுகமான வேலை உண்டா?"

டாக்டர் சொன்னது அவள் காதில் அப்படியே இருந்தது. 'கை வேலை செய்யும்போது நடுக்கம் அவ்வளவா தெரியாதும்மா. சும்மா இருக்கும்போதுதான் நல்லா தெரியும். கை களைச்சுப்போனா இன்னும் ஜாஸ்தியாகும்.'

ஐம்பத்திரண்டாவது சீனைப் பற்றி அவளுக்கு இரண்டு நாள் முன்னாலேயே தெரியும். அதனால்தான் நேற்று மதியம் பட்டறையில் எல்லோரும் சாப்பிடப் போனபோது ஒரு காரியம் செய்தாள். தவளையின் தலையை உள்வெளியாகத் திருப்பி, தாடையில் கட்டைவிரல் போகிற இடத்தில் முரட்டுக் கான்வாஸ் துணியை இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்துவிட்டாள். தாடை விறைப்பாக இருந்தால் விரல் நடுங்கினாலும் வெளியே தெரியாது, இந்த ஒரு நாள் அவர் மானம் தப்பித்துவிடும் என்பது அவள் கணக்கு. யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் குடும்பத்தில் யார்தான் எதைச் சொன்னார்கள்?

*

ஷூட்டிங்கில் ஒரு வழக்கம் உண்டு. அண்ணனும் தம்பியும் மேஜைக்கு அடியில் போய்த் தவளை எழுந்து உட்கார்ந்துவிட்டால், அதற்கப்புறம் யாரும் அவர்களிடம் பேசமாட்டார்கள். தவளையிடம்தான் பேசுவார்கள். விளக்குக்காரரிலிருந்து டீ கொண்டுவருகிறவர் வரைக்கும் அப்படித்தான். 'மேனேஜர் சார், கொஞ்சம் இடப்பக்கம் நகருங்க' என்பார்கள். தவளையும் தலையை ஆட்டிக்கொண்டு நகரும். கீழே இரண்டு மனிதர்கள் முதுகு வலிக்கப் படுத்திருப்பது எல்லோருக்கும் மறந்தே போய்விடும். அப்படி மறக்கிறார்களே என்பதில் அண்ணனுக்கும் தம்பிக்கும் பெருமை வேறு.

டைரக்டர் மேஜையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு தவளையிடம் பேசினார். நல்ல மனிதர். தவளையை அவருக்கு உண்மையாகவே பிடிக்கும்.

"மேனேஜர் சார், இன்னிக்கு நடுக்கம் வேண்டாம். மூணு படமா உங்களைப் பார்த்துச் சிரிச்சவங்க இந்த ஒரு நிமிஷத்துல அழணும். லெட்டரைப் படிக்கிறீங்க. வைக்கிறீங்க. அப்புறம் ஒண்ணுமே பண்ணாதீங்க. எதிர்ல ஒருத்தன் பெல் அடிச்சு சாவி கேட்டுக்கிட்டே இருப்பான். உங்களுக்குக் காதுல விழாது. சரியா?"

தவளை மெதுவாகத் தலையாட்டியது. கோட்டைச் சரிசெய்துகொண்டது. எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் ஊசிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு காமிராவுக்குப் பின்னால் நின்றாள்.

ஆரம்பித்தார்கள். தவளையின் கைகள் கடிதத்தைப் பிரித்தன. கொழுந்தனின் கைக்கு ஒரு நளினம் உண்டு. கடிதத்தின் மடிப்பைக்கூடத் தடவிக்கொடுத்தான். தவளை படித்தது. கடிதத்தை மேஜையில் வைத்தது. அப்புறம் அசையவில்லை.

அவள் மனதுக்குள் எண்ண ஆரம்பித்தாள். சாவி கேட்கிற நடிகர் பெல்லைத் தட்டினார். பத்து. பதினைந்து. தாடை கல் மாதிரி இருந்தது. தைத்தது வீண் போகவில்லை என்று அவளுக்கு மூச்சு வந்தது.

இருபதில் தாடை லேசாக அதிர்ந்தது. யாரோ களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்கள். இருபத்தைந்தில் நடுக்கம் தாடையோடு நிற்காமல் கழுத்துக்கு வந்தது. முப்பதில் தலை முழுக்க ஆடியது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. விறைத்துப்போன தாடையை மூடியபடி பிடித்துவைக்க அவர் கட்டைவிரல் எவ்வளவு அழுத்த வேண்டியிருக்கும்! முப்பது விநாடியில் அந்தக் கை களைத்துப்போய்விட்டது. விரலில் மட்டும் இருந்த நடுக்கம் இப்போது முழங்கை வரைக்கும் ஏறியிருக்கும். காப்பாற்றுகிறேன் என்று நினைத்து அவரைக் காட்டிக்கொடுத்தது அவள் வைத்த துணிதான். சத்தம் வந்துவிடக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

தவளையின் வலது கை மேஜையிலிருந்து மெதுவாக எழுந்தது. தன் தாடையைத் தானே பிடித்துக்கொண்டது. அப்புறம் இடது கையும் எழுந்து வலது கையின்மேல் படிந்தது. இரண்டு கைகளாலும் தாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அந்தத் தவளை உட்கார்ந்திருந்தது. கைகளுக்குள்ளேயும் தாடை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

பெல் அடிக்கவேண்டிய நடிகர் அடிக்க மறந்துவிட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. விளக்குக்காரர் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கட்!"

கைதட்டல் கூரையைத் தொட்டது. டைரக்டர் ஓடிவந்து தவளையின் தோளைப் பிடித்து உலுக்கினார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"மேனேஜர் சார்! நான் நடுக்கமே வேணாம்னு சொன்னேன், நீங்க என்னை முட்டாளாக்கிட்டீங்க. எங்கேயிருந்து பிடிச்சீங்க இதை? அடுத்த படம் முழுக்க இதான். அழுகையை அடக்கற தவளை! க்ளோசப்ல இன்னொரு தடவை, அப்படியே பண்ணுங்க."

வழக்கமாக இந்த மாதிரிப் பாராட்டுக்குத் தவளை எழுந்து குனிந்து வணக்கம் வைக்கும். இன்று தலையை மேஜைமேல் சாய்த்துவிட்டது. மேனேஜர் களைத்துவிட்டார் என்று எல்லோரும் சிரித்தார்கள்.

மேஜைக்கு அடியிலிருந்து கொழுந்தனின் குரல் வந்தது. "அண்ணி, தோல் கிழிஞ்சிருக்கு. ஊசி எடுத்துக்கிட்டு உள்ள வாங்க."

பதினைந்து வருஷத்தில் அவளை ஒருநாளும் உள்ளே கூப்பிட்டதில்லை. கிழிந்தால் கழற்றி வெளியே நீட்டுவார்கள். தோல் கிழியவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

*

உள்ளே இருவருக்கே இடம் போதாது. அவள் மேஜையின் பின்பக்கக் கதவு வழியாக முழங்காலில் தவழ்ந்து போய்க் கணவரின் கால்மாட்டில் மடங்கி உட்கார்ந்தாள். டி.வி. வெளிச்சத்தில் இரண்டு முகங்களும் வியர்த்திருந்தன. மேலே மைக் தொங்கியது. அதனால் மூன்று பேரும் கிசுகிசுவென்றுதான் பேசவேண்டியிருந்தது.

கணவர் கையைத் தோலிலிருந்து உருவியிருந்தார். அது அவர் நெஞ்சின்மேல் கிடந்து நடுங்கிக்கொண்டிருந்தது. இடது கை விரலால் தவளையின் தாடையை உள்ளே தடவிப் பார்த்தார்.

"யார் வெச்சது இந்தத் துணியை?"

"நான்தான்."

"எப்போ தெரியும் உனக்கு?"

"எட்டு நாளா. டாக்டரைப் போய்ப் பார்த்தேன்."

அவர் தம்பி பக்கம் திரும்பினார். "உனக்கு?"

"போங்கண்ணா, இதெல்லாம் ஒரு கேள்வியா? உங்க தோள்ல தோளை ஒட்டிக்கிட்டுப் படுத்திருக்கேன். மூணாவது படத்துல முதல் நாளே தெரியும். டைரக்டர் என்ன இது, தாடை ஆடுதேன்னார். அண்ணன் புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கார் சார், மேனேஜருக்குப் பயம் வந்தா இப்படித்தான்னு நான்தான் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரிச்சார்."

"நீயா சொன்னே?"

"வேற என்ன சொல்லச் சொல்றீங்க?"

ஊரே சிரித்த சிரிப்பு அந்த இடத்தில்தான் ஆரம்பித்திருக்கிறது. தம்பி அண்ணனுக்காகச் சொன்ன ஒரே ஒரு பொய்யில். அண்ணனுக்குத் தெரியாமல் தம்பி, தம்பிக்குத் தெரியாமல் அண்ணன், இரண்டு பேருக்கும் தெரியாமல் அவள். ஒரே வீட்டில் மூன்று பேர் ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் மூடி மறைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார்கள்.

அவள் கணவர் பக்கம் குனிந்தாள். "நான் சிரிச்சேங்க. தியேட்டர்ல உங்க பக்கத்துல உக்காந்துக்கிட்டு, வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன். கண்ணுல தண்ணி வந்துச்சு. உங்க கையைத் தட்டித் தட்டிச் சிரிச்சேன். எப்படிங்க பொறுத்துக்கிட்டீங்க?"

"நீ சிரிச்சதைப் பார்த்தேன்."

"அப்புறம்?"

"சந்தோஷமா இருந்துச்சு. இவளே சிரிக்கிறாளே, அப்போ யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன். அன்னிக்கு ராத்திரிதான் நான் நிம்மதியாத் தூங்கினேன்."

அவள் அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் அது நிற்கவில்லை. எட்டு நாளாக அடக்கி வைத்திருந்த அழுகை, சத்தம் போடக் கூடாத இடமாகப் பார்த்து வந்தது. முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு அழுதாள்.

மேலே டைரக்டர் கையைத் தட்டினார். "மேனேஜர் சார், இன்னும் எவ்வளவு நேரம்? மேக்கப்பா போட்டுக்கறீங்க?" வெளியே சிரிப்பு.

"அஞ்சே நிமிஷம் சார்," என்று கொழுந்தன் தவளையின் கையை உயர்த்தி ஐந்து விரலைக் காட்டினான். தவளைக்கு நான்கு விரல்தான் என்பதால் இன்னொரு கையிலிருந்து ஒரு விரலைச் சேர்த்துக் காட்டினான். வெளியே சிரிப்பு இன்னும் கூடியது. அவன் முகத்தில் மட்டும் சிரிப்பில்லை.

"அண்ணா, நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. இனிமே தலைக்கு நான் போறேன். உங்க கை எப்படிப் போகும்னு எனக்கு மனப்பாடம். கைக்கு அண்ணி வரட்டும். தோல் தைக்கிறவங்களுக்கு அது வராமப் போகுமா? நீங்க பாட்டுக்குப் பக்கத்துல படுத்திருங்க. வரும்போது மூணு பேரும் வருவோம், போகும்போது மூணு பேரும் போவோம். ஊசியம்மா ஏன் உள்ள வர்றாங்கன்னு கேட்டா, தோல் பழசாயிடுச்சு, அடிக்கடி கிழியுதுன்னு சொல்லிக்கலாம். ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது. எல்லாரும் தவளையைத்தானே பார்க்கிறாங்க? உள்ள யார் இருக்கான்னு யார் பார்க்கிறா?"

அவளுக்கு ஒரு நொடி அது நல்ல வழியாகத்தான் பட்டது. சம்பளம் போகாது. பேர் போகாது. இந்த மனிதர் யார் முன்னாலும் தலைகுனிந்து நிற்கவேண்டியதில்லை. சரி என்று சொல்ல வாயைத் திறந்துகூடவிட்டாள்.

அவர் கையை அவளிடமிருந்து விடுவித்துக்கொண்டார்.

"யாரும் பார்க்கலைதான்," என்றார். "பதினாலு மாசமா என் வியாதி கைதட்டு வாங்கிட்டிருக்கு. இப்போ அடுத்த படம் முழுக்க அதுதான்னு சொல்லிட்டுப் போறான் அந்த மனுஷன். நீ என் கை நடுங்கற மாதிரி நடிக்கணும். நான் பக்கத்துல படுத்துக்கிட்டு அதைப் பார்த்துக்கிட்டிருக்கணும். அதுதானே நீ சொல்றது?"

கொழுந்தன் தவளையின் கைகளிலிருந்து தன் கைகளை உருவிக்கொண்டான்.

"அண்ணா, நான் அப்படி நினைச்சுச் சொல்லல."

"தெரியும்டா. உன்னைக் குத்தம் சொல்லல. ஆனா என் கதையை இனிமே யாரும் எனக்காகச் சொல்லவேண்டாம். நானே சொல்லிக்கிறேன்."

"என்னங்க, வீட்டுக்குப் போயி யோசிக்கலாம். இப்போ வேண்டாம். எல்லாரும் இருக்காங்க."

"எல்லாரும் இருக்காங்கன்னுதான்."

அவர் பலகையை உருட்டிக்கொண்டு பின்பக்கக் கதவு வழியாக வெளியே போனார். அவள் கையை நீட்டி அவர் சட்டையைப் பிடிக்கப் பார்த்தாள். துணியின் ஓரம் விரலில் பட்டு நழுவியது. பின்னாலேயே போகலாம் என்றால் முழங்கால் மரத்துப்போய் எழவே முடியவில்லை.

சின்ன டி.வி.யில் மேஜையும், தலை சாய்ந்து கிடக்கிற தவளையும் தெரிந்தன. ஓரத்திலிருந்து அவர் வந்து மேஜைக்கு முன்னால் நின்றார். மேக்கப் இல்லாத, வியர்த்து வழிகிற, முழங்கையில் மரத்தூள் ஒட்டிய ஒரு ஐம்பத்தைந்து வயது மனிதர். பதினைந்து வருஷத்தில் அந்தக் காமிராவுக்குள் அவர் வருவது அதுதான் முதல் தடவை. டைரக்டரைப் பார்த்து ஏதோ சொன்னார். அவர் தணிந்த குரலில் பேசியதால் மேஜைக்கு அடியில் அவளுக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

அப்புறம் எல்லோரும் பார்க்கும்படி வலது கையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிக் காட்டினார். நான்கு விரலும் கட்டைவிரலும் கிடுகிடுவென்று நடுங்கின.

வெளியே குபீரென்று சிரிப்பு எழுந்தது. அது மட்டும் பலகையைத் தாண்டி நன்றாகக் கேட்டது. மேனேஜர் மாதிரியே அவரும் செய்துகாட்டுகிறார் என்று நினைத்துவிட்டார்கள். யாரோ விசிலடித்தார்கள். யாரோ 'இன்னொரு தடவை' என்று கத்தினார்கள்.

கொழுந்தன் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டான். அவள் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் கோபப்படவில்லை. அந்தக் கையைக் கீழே இறக்காமல், சிரிப்பு ஓயட்டும் என்று நின்றுகொண்டிருந்தார்.